பாதத்தில் சாய்ந்த பிடில்

சிவகாமி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பெரியாஸ்பத்திரியில் தாதிமாருக்குக் கைத்துணையாக வேலை பழகி, பிறகு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். தாதியைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவளை மிஸ்ஸி என்பார்கள். அழுகிறவருக்கு முதலில் முகம் துடைத்துவிடுவாள், ஆறுதல் அப்புறம்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், மலாக்காவில் காஜா பேராங் என்ற பகுதியில் அவளுக்கு வாய்த்த நோயாளி விநாயகம். மலாக்கா செட்டிக் குடும்பம். சாமிக்குத் தமிழ்ப் பெயர், வீட்டுப் பேச்சு மலாய். ஊர்க் கல்யாணங்களில் பிடில் வாசிப்பவர். பிடிலும் ரெபானா என்ற கைப்பறையும் கோங் மணியும் சேர்ந்து ஒலிக்க, இரண்டு பேர் எதிரெதிரே நின்று பாட்டாலேயே ஒருவருக்கொருவர் பதில் சொல்வார்கள். தொண்டாங் சாயாங் என்று அதற்குப் பெயர்.

மழையில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்ததில் விநாயகத்தின் இடது தோள் மூட்டு நழுவிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கை மார்புக்கு மேல் எழவில்லை. தங்கை மகள் கல்யாணமோ நெருங்கிவிட்டது.

"பண்டார் ஹிலிர்லேருந்து வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறோம், நீ படுத்திரு" என்று ரெபானாக்காரர் சுப்பையன் சொல்லிவிட்டுப் போனார். வேறொருவன் அமர்ந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று விநாயகத்துக்குத் தெரியும். அன்றிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை.

சிவகாமி அவரோடு மலாயில்தான் பேசினாள். நம் தமிழில் அது இப்படி வரும்:

"தோள் எழும்பலைன்னா என்னண்ணே? தரையில உக்காந்து வாசிங்க. முந்தி நான் பார்த்துக்கிட்ட யாழ்ப்பாணத்துப் பெரியவர் சம்மணம் போட்டு, பிடில் தலையைப் பாதத்து மேல சாய்ச்சுத்தான் வாசிப்பார். கையைத் தூக்கவே வேணாம்."

"கால்லயா? சரஸ்வதி பூசைக்குக் குங்குமம் வைக்கிற பொருள், மிஸ்ஸி! தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவன் நான்."

"அவரும் சாமி கும்பிட்டவர்தான். கால் அழுக்குன்னா சொல்லுங்க, கழுவி விடுறேன்."

கழுவியும் விட்டாள், வெந்நீரும் சவக்காரமும் போட்டு. மனைவி பாக்கியலட்சுமி மஞ்சள் துணி ஒன்றைப் பாதத்தின் மேல் விரித்தாள். விநாயகம் பிடிலைக் கும்பிட்டுவிட்டுச் சாய்த்தார். முதல் இழுப்பு கீல் துருப்பிடித்த கதவாகக் கத்தியது. மறுநாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார். கல்யாணத்துக்குத் தாமே வாசிப்பதாகச் சுப்பையனுக்குச் சொல்லி அனுப்பினார்.

எப்போதும் நின்று வாசிப்பவர் கல்யாணப் பந்தலில் பாயில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் எதிர்ப்பாட்டுக்காரி லலிதாம்பாள் விடுவாளா?

"கொப்பிலே இருந்த குயிலுக்குச் சிறகு ஒடிஞ்சதோ, மண்ணிலே வந்து கூவுதே!" என்று பாட்டிலேயே குத்தினாள்.

பந்தல் சிரித்தது. விநாயகத்தின் வில் அந்தரத்தில் நின்றது. காதுவரை சிவந்துபோனார். சிவகாமி ஓரத்தில் நின்றிருந்தாள். இதற்கு மருந்து அவள் பையில் இல்லை.

வேறு ஆள் தேடிய அதே சுப்பையன்தான் ரெபானாவோடு இறங்கி அவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தார்.

"இரை கிடக்கிறது மண்ணிலதானே, கொப்பிலே இருந்தால் பசி ஆறுமோ!" என்று பதில் பாடினார்.

இப்போது சிரிப்பு லலிதாம்பாள் பக்கம் திரும்பியது. வில் இறங்கியது. அன்று விநாயகம் கடைசிவரை நிறுத்தாமல் வாசித்தார்.

கல்யாணம் முடிந்தும் சிவகாமி விடவில்லை. தினமும் அவரைச் சுவரோரம் நிறுத்தி, விரல்களால் பல்லியைப் போலச் சுவரில் ஏறச் சொன்னாள். திட்டிக்கொண்டே ஏறினார். அடுத்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் எழுந்து நின்று, பிடிலைத் தோளில் வைத்து வாசித்தார்.

புக்கிட் காதில் என்ற பக்கத்து ஊரில் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போகும் வழியில் சிவகாமி சற்று நின்று கவனித்தாள்.

"முழங்கை இன்னும் கொஞ்சம் உயரணும்" என்று பாக்கியலட்சுமியிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்து நடந்தாள்.