போகும்போது பேசாதவர்

எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் நீளம். கல்யாணமான மறுநாளே அது எனக்குத் தெரிந்துவிட்டது. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் மகளின் படிப்பு, மருமகனின் சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, காயை அங்கேயே மறந்து வெறும் பையோடு வருவார். அப்படிப்பட்டவரைத்தான் கடவுள் உபதேசியார் வேலைக்குக் கூப்பிட்டார். மாதா கோயில் சாமியாருக்குத் துணையாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வது, துக்க வீட்டில் செபம் சொல்வது, படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு நற்கருணை கொண்டு போவது எல்லாம் அவர் பொறுப்பு. பேசிப் பிழைக்கிற வேலை, மனுஷனுக்குப் பொருத்தம்தான் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அந்தக் கடைசி வேலையில் ஒரு சூட்சுமம் இருந்தது. பூசையில் அர்ச்சித்த அப்பத்தை உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சிமிழில் வைத்து, சிமிழைத் துணிப்பையில் போட்டு, பையைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கிளம்புவார். பை நான் தைத்தது. வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பது என் தொழில். நற்கருணையோடு போகிறவர் வழியில் நின்று ஊர்க்கதை பேசக் கூடாது என்பது ஒழுங்கு. ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது இவராகச் சேர்த்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக, போகும்போது வாயைத் திறந்ததே இல்லை. திரும்பும்போது வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்துவிடுவார். காலை வண்டியின் நடத்துநர் இவரை ஊமை என்றே நினைத்து, பாவப்பட்டு முன் இருக்கையைப் பிடித்து வைப்பாராம். திரும்புகிற வண்டியின் நடத்துநர், இவர் ஏறினாலே பாட்டை நிறுத்திவிடுவாராம். எப்படியும் கேட்காது என்று.

வியாழக்கிழமைதான் தூரப் பயணம். டவுன் பஸ்ஸில் பஸ் நிலையம் போய், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் பெரிய வண்டி, பிறகு ஷேர் ஆட்டோ, அதற்கு மேல் இருபது நிமிஷம் ஏற்றத்தில் நடை. அந்த ஏற்றத்தின் முடிவில் ஒரு வீடு, அதில் ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவு பயணம். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இடுப்பு எலும்பு முறிந்து நான்கு வருஷமாக மருமகள் பராமரிப்பில் கட்டிலில் இருக்கிறார். டிரைவர் அண்ணன் என்றால் எங்கள் கோயிலில் எல்லாருக்கும் தெரியும்.

இவருக்கு வயது அறுபத்தொன்று. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏற்றத்தில் நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் டாக்டரிடமே, இயேசுவும் நடந்து களைத்துப் போய்க் கிணற்றோரம் உட்கார்ந்தவர்தானே, நானும் அங்கங்கே உட்கார்ந்து போய்க்கொள்கிறேன் என்று விளக்கம் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே சாமியாருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அவர் கையெழுத்தை அவரே படிக்க முடியாது, அதனால் எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவது. உடல்நிலை காரணமாக இந்த வாரத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று நான்கு வரி. சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை போய் டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, வந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய சிமிழின் மூடி தளர்ந்துவிட்டதால் அந்த வாரம் கோயிலுக்குப் புதுசு வந்திருந்தது. சாமியார் பூசை முடிந்ததும் புதுச் சிமிழில் நற்கருணையை வைத்துப் பேழைக்குள் பூட்டிவிட்டு, இவரிடம் சொல்வதற்குள் யாரோ கூப்பிட வாசலுக்குப் போயிருக்கிறார். பழைய சிமிழ் கழுவித் துடைத்து, என் துணிப்பைக்குள், சாமியார் உடுப்பு மாற்றுகிற அறையில், எப்போதும் நற்கருணையோடு காத்திருக்கிற அதே மேஜையில் இருந்திருக்கிறது. இவர் மனசெல்லாம் டிரைவர் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே இருந்திருக்கிறது. கை மட்டும் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. மேஜைக்கு முன்னால் அந்தத் தேய்ந்த முழங்காலையே போட்டு எழுந்து, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு அப்பம் என்ன எடை இருக்கும்? இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்துக்குத் தெரியாது.

அன்றைக்கென்று பெரிய வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருஷம் வீடு வீடாக அலைந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாராம். இவருக்கு நாக்கு நமநமவென்று இருந்திருக்கிறது. பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே வந்தார். தபால்காரர் இறங்கும்போது, இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாராம்.

டிரைவர் அண்ணன் முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் காத்திருந்தார். ஒரு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும், நோயாளிக்கு அதுகூட வேண்டாம் என்று இவர் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கேட்பதில்லை. இவர் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, வாசகம் படித்து, பாவ மன்னிப்புச் செபம் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த செபத்தையும் சொல்லி முடித்தார்கள். சிமிழைத் திறந்தால் உள்ளே துடைத்த பளபளப்பு மட்டும் இருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமி கோயிலிலேயே பத்திரமாக இருந்தார். பூசாரிதான் வெறுங்கையால் முழம் போட வந்திருந்தார். இவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு காலிச் சிமிழுக்காகவா மூன்று மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு வந்தோம் என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். டிரைவர் அண்ணன் சிமிழை எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"இதுக்கு ஏன் உபதேசியாரே கண்ணு கலங்குறீங்க? ஆளே ஏறாம கடைசி ஸ்டாப் வரைக்கும் நான் எத்தனை தடவ ஓட்டியிருக்கேன் தெரியுமா? காலியா இருக்குன்னு வண்டிய பாதியில திருப்பிட முடியுமா? அங்க ஒருத்தன் நின்னுக்கிட்டிருந்தா என்ன பண்றது?"

நாளைக்கோ அடுத்த வாரமோ வந்தால் போதும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் வரப்போவதில்லை என்பது சட்டைப்பையில் இருந்தது. அதைச் சொல்லத்தானே போனார். சொல்ல வாய் வரவில்லை. சாப்பிடுங்கண்ணே, சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அவரைச் சாப்பிட வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிட்டார்.

ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் கால் வீங்கியிருப்பது தெரிந்தது. முகம் அதைவிட மோசம். முழங்கால் உறையை மாற்றிக்கொண்டே இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். சாமியார் சிமிழோடு காத்திருக்கிறாராம், உடனே போக வேண்டுமாம். சாமியாருக்கு மூன்று மணிக்கு ஒரு அடக்கம், அதனால் அவரால் போக முடியாது. நாளைக்குப் போனால் குடி முழுகிப் போய்விடுமா என்று கேட்டேன்.  இன்னும் கழுத்தில் சிமிழ்கூட இல்லை, அப்போதே பேசவில்லை. பயந்துபோய்த் தையல் இயந்திரத்தை மூடி, வீட்டைப் பூட்டி, நானும் கூடக் கிளம்பினேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் திட்டுவதற்குத்தான் போனேன்.

முப்பத்தொரு வருஷத்தில் எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர்தான் முடிப்பார். கோயிலில் சிமிழை வாங்கிக் கழுத்தில் மாட்டியாகிவிட்டது, இனி அவர் வாய் திறக்க முடியாது. எனக்கு எந்தத் தடையும் இல்லை. பெரிய வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தேன். என் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வராமல் இவர் துக்க வீட்டுக்குப் போனது, மகளின் பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியின் வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது, வாங்கிய மருந்தைப் பஸ்ஸிலேயே விட்டது என்று ஒன்று பாக்கியில்லை. அவர் தலையை ஆட்டினார். மருந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

நடத்துநர் இவருடைய திரும்புகிற வண்டிக்காரர். டிக்கெட் கொடுத்துவிட்டு என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"காலையில திரும்பும்போதும் பேசலம்மா, இப்பவும் பேசல. ஐயாவுக்குத் தொண்டையில எதுவும் பிரச்சினையா?"

"தொண்டையில ஒண்ணும் இல்லப்பா. கழுத்துலதான் இருக்கு" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ, போய்ப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

அரை மணி நேரத்தில் எனக்கு அலுத்துவிட்டது. பதில் பேசாத ஆளைத் திட்டுவது, ஊசியில் நூல் கோக்காமல் தைக்கிற மாதிரி. இயந்திரம் ஓடும், தையல் விழாது. வாயை மூடிக்கொண்டு சும்மா அவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அந்தக் கையைக் கவனித்தேன். சாலையில் ஒவ்வொரு குழிக்கும் அவருடைய வலது கை சட்டைக்கு மேலாக எழுந்து, சிமிழ் இருக்கிற இடத்தில் பொத்திக்கொண்டது. குழி போனதும் மடிக்கு இறங்கியது. அடுத்த குழிக்கு மறுபடி எழுந்தது. ஒருகட்டத்தில் கண்ணை மூடித் தூங்கிவிட்டார், அப்போதும் கை எழுந்தது. வாராவாரம், இருபத்திரண்டு வருஷம், எத்தனை குழி என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இவரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது இடத்தில் என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இல்லாத கிணற்றிலிருந்து இரண்டு கையாலும் கயிறு இழுத்துத் தண்ணீர் இறைப்பதுபோல் காட்டினார். இயேசு களைத்து உட்கார்ந்த கிணறு. பேசாமல் இருந்தாலும் பிரசங்கம் நிற்காது போலிருக்கிறது. வலியில் நெற்றி வியர்த்துக் கிடக்கிற மனுஷன் விளையாடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டிரைவர் அண்ணனைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி உட்கார வைத்திருந்தாள் அவர் மருமகள். மறுபடி துணி, மெழுகுவத்தி, வாசகம். சிமிழைத் திறக்கும்போது நாங்கள் நான்கு பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தோம், கடவுள் மன்னிக்கட்டும். உள்ளே வெள்ளையாக இருந்தது. டிரைவர் அண்ணன் வாங்கிக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். 

கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ரோடு எப்படி இருந்தது என்பதுதான். அதற்காகவே காத்திருந்ததுபோல் இவர் மடை திறந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் தார் போடுகிறார்கள், மூன்றாவது வளைவில் மரக்கிளையை வெட்டிவிட்டார்கள், புது ஓட்டுநர் இறக்கத்தில் கியரை மாற்றாமல் பிரேக்கையே மிதிக்கிறான் என்று ஒரு கல்லைக்கூட விடவில்லை. வாயை மூடிக்கொண்டு போனது எல்லாவற்றையும் கண்ணால் அள்ளிக்கொண்டு வரத்தானோ என்று எனக்குத் தோன்றியது. டிரைவர் அண்ணனின் கால் போர்வைக்குள் அசையாது. ஆனால் வளைவு வரும்போதெல்லாம் அவர் இரண்டு கையும் போர்வை மேல் ஸ்டியரிங் பிடித்துத் திரும்பின. இவர் கொண்டு வருவது நற்கருணை மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

காபி ஆறிப்போகிற வரை பேச்சு ஓடியது. கடிதத்தைப் பற்றி மட்டும் இவர் வாய் திறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. கிளம்பும்போது மருமகள்தான் சொன்னாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து காலை வண்டி நேரம் மாறுதுங்க, அத்தை. மத்தியானம் திரும்புற வண்டியும் மாறுது. எழுதிக்கிறீங்களா?"

அவளும் டிரைவர் அண்ணனும் என்னைப் பார்த்தார்கள். இவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், சரியாக இருந்த வாரை. என் கைப்பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை. நிமிர்ந்தவரின் சட்டைப்பையில் கையை விட்டு அந்தக் கடிதத்தை எடுத்தேன். என்னுடைய அழகான கையெழுத்து உள்பக்கமாக இருக்கும்படி மடித்து, வெள்ளைப் பக்கத்தைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தேன்.

சிமிழ் காலியாகிவிட்டது, அவர் இப்போது பேசலாம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, தடையும் இல்லாமல் துக்கமும் இல்லாமல் இருக்கிற நேரத்தில் அவர் பேசாமல் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆறு பத்தா, ஆறு இருபதா? சரியாக் கேட்டு எழுது" என்றார்.