சுவரைத் தாண்டிய முட்டை

யேசுதாஸ் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் பன்னிரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பதடி உயரத்தில் தொங்கும் கூண்டுக்குள் எட்டு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். உலைச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கீழே நிற்பவன் கையசைப்பான். இவர் லீவரை நகர்த்துவார். திருப்பாச்சூரில் கழனி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஹெல்பராகச் சேர்ந்த மனிதர் அந்தக் கூண்டிலேயே பேச்சைத் தொலைத்துவிட்டார் என்பாள் மனைவி மேரி. வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் பயம். மகள் பிரின்சிகூட எதுவானாலும் அம்மா மூலமாகத்தான் கேட்பாள்.

2005 டிசம்பரில் அவர் வீட்டோடு இருக்கும்படி ஆனது. விடாத மழையில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பள்ளிக்கூடமும் இல்லை. மழை விட்ட நேரத்திலும் ஊதக்காற்று விடவில்லை. ஒன்பது வயது பிரின்சிக்கு வீசிங். குளிர்காற்று படவே கூடாது. மேரியின் தையல் கம்பெனிக்கு மட்டும் லீவு கிடையாது.

“பசங்கள வெளிய உட்றாதய்யா” என்று சொல்லிவிட்டு அவள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள்.

‘பசங்கள்’ என்றால் ஆறு பேர். வேலைக்குப் போன அக்கம்பக்கத்துப் பெண்களும் தங்கள் பிள்ளைகளை இவரிடம் விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வழுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்ததால், அவள் பேரன் சின்னராசுவும் அதில் சேர்த்தி. கதவைச் சாத்திய ஒற்றை அறை. கரண்ட் இல்லை. பத்து மணிக்குள் இரண்டு சண்டை, ஓர் அழுகை.

கடைசியில் அந்த ஆறு பேரில் பெரியவனான எபினேசர்தான் துணிந்து கேட்டான். “மாமா, உன் கிரேனு எம்மாம் பெருசு?”

யேசுதாஸ் கையை விரித்துக் காட்டினார். போதவில்லை. எழுந்தார். துணி காயும் நைலான் கயிற்றை அவிழ்த்து, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உச்சியில் இழுத்துக் கட்டினார். மேரியின் காலி நூல்கட்டைகள் இரண்டைக் கம்பியில் கோத்துக் கயிற்றின் மேல் சக்கரமாக மாட்டினார். அதிலிருந்து ஒரு கொக்கி; கொக்கியில் தேங்காய்த் தொட்டி. முன்னும் பின்னும் இழுக்க ஒரு நூல், ஏற்றி இறக்க இன்னொரு நூல்.

தொட்டியில் ஒரு கோலிக்குண்டைப் போட்டு இழுத்தார். அது தலைக்கு மேல் கிறுகிறுவென ஓடியது. ஆறு வாயும் ஒன்றாகப் பிளந்தன.

“சத்தம் போடக் கூடாது” என்றார். “கைதான் பேசணும். விரல மேல காட்டிச் சுத்துனா தூக்கணும். கீழ காட்டிச் சுத்துனா எறக்கணும். உள்ளங்கைய விரிச்சா நிப்பாட்டணும்.”

அன்று முழுக்கக் கோலி, வெங்காயம், தீப்பெட்டி எல்லாம் ஆகாயத்தில் போயின. மறுநாள் காலை பிரின்சி அவர் சட்டையை இழுத்தாள்.

“நைனா, செவுத்துக்கு மேல சந்து கீதே. கன்னியம்மா ஆயா ஊட்டுக்கு வுடலாமா?”

அந்த வீடுகளில் நடுச்சுவர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தொடாது. ஒரு முழம் இடைவெளி உண்டு. யேசுதாஸின் கண்கள் மின்னின. நூலை நீட்டி, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துச் சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் போட்டார். சின்னராசு ஓடிப்போய் அதைத் தங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினான்.

“இன்னாடா பண்றீங்க அங்க?” என்று கன்னியம்மா சத்தம் போட்டாள்.

“உனக்கு இன்னா வேணும் ஆயா?”

“ஸ்டவ்வு பக்கத்துல கீது, எண்ண கீது. முட்டதான் இல்ல.”

முட்டை! பிள்ளைகள் குதித்தார்கள். நூலை இழுப்பவனுக்குச் சுவருக்கு அப்பால் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிகிற இடம் பரண் ஒன்றுதான். அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பிரின்சி அங்கே ஏறினாள். எபினேசர் நூலைப் பிடித்தான்.

முதல் முட்டை சுவரில் மோதி உடைந்து வழிந்தது.

“போச்சா?” என்றது அடுத்த வீடு.

எபினேசருக்கு அழுகை முட்டியது. யேசுதாஸ் அவன் தோளில் கை வைத்தார். “அவசரப்பட்டுட்ட. அவ கையப் பாரு, முட்டையப் பாக்காத.”

இரண்டாவது முட்டை தொட்டியில் ஏறியது. பிரின்சியின் விரல் மேலே சுழன்றது. தொட்டி உயர்ந்தது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். தொட்டி ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. யாரும் மூச்சுவிடவில்லை, கிரேன்காரரும்தான். பிறகு மெல்ல வா என்று விரல் அழைத்தது. தொட்டி சுவரைத் தாண்டியது. விரல் கீழே சுழன்றது.

“வந்துச்சுடா! கையில வந்துச்சு! முழுசா கீது!” கன்னியம்மாவின் கூச்சல் கூரையில் முட்டியது.

ஆறு பிள்ளைகளும் ஆடினார்கள். யேசுதாஸ் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். பிரின்சி பரணிலிருந்து அவர் கழுத்திலேயே குதித்தாள். “நைனா, நான்தான் நிப்பாட்டுனேன், பாத்தியா!” என்று காதுக்குள் கத்தினாள்.

சாயங்காலம் நனைந்துபோய்த் திரும்பிய பெண்கள் அடுப்புகூடப் பற்றவைக்காமல் ஆளுக்கொரு தடவை நூலை இழுத்துப் பார்த்தார்கள். மேரிக்கு மட்டும் மூன்று தடவை தேவைப்பட்டது.

நான்கு நாள் கழித்து ஆலை திறந்தது. முதல் ஷிப்டு முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கயிறு இப்போது கன்னியம்மா வீட்டையும் தாண்டி மூன்றாவது வீட்டுக்குள் போயிருந்தது.

“யாரு பர்மிஷன் குடுத்தது?”

பரணிலிருந்து பிரின்சி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். லோடு நடுவழியில் இருந்தது. யேசுதாஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் அசையாது நின்றார்.