அக்கா ஏன் மாவில் கை வைக்கவில்லை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளில் பலருக்கு அவர்மேல் ஒரு வருத்தம் இருந்திருக்கும். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவார், வாய் நிறையப் பேசுவார், மாவு கரைக்கக் கூப்பிட்டால் மட்டும் நழுவிவிடுவார். பெரிய படிப்புப் படித்த மிதப்பு என்று நீங்கள் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்தது. அக்கா சிரித்துக்கொள்வார். தம்பியாகிய எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இன்று அதைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. எங்கள் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா மாடுகளை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஆளாக்கினார். பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்த அக்கா, செல் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கி, கஞ்சிக்கோட்டில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணமாகி மச்சானோடு எலப்புள்ளியில் குடியிருந்தார்.

அவருடைய வேலையை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். மருந்தும் தடுப்பூசியும் செய்வதற்காகப் பாலூட்டி விலங்குகளின் செல்களை உடம்புக்கு வெளியே, குடுவையில் வளர்க்கிறார்கள். அங்கே அவற்றுக்கு வேண்டிய ஆகாரம் எல்லாம் ஒரு கரைசலில் இருக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்தச் சத்து கூடினால் செல் சோர்ந்துபோகும் என்று கூட்டியும் குறைத்தும் பார்த்து அந்தக் கரைசலை உருவாக்குவதுதான் அக்காவின் வேலை. ஒரு கலவை தேறுமா என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகும்.

"நீ மாட்டுக்குத் தீவனம் கலக்கற, நான் செல்லுக்குக் கலக்கறேன். அவ்வளவுதான்டா வித்தியாசம்" என்பார், அம்மாவோடு மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம்.

"என்ற மாடு பால் கறக்குமக்கா. உன்றது என்ன கறக்கும்?"

"மருந்து கறக்கும்டா."

சத்துள்ள கரைசல் என்றால் வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். புளித்த மாவிலும் கள்ளிலும் இருக்கும் ஈஸ்ட் கொஞ்சம் விழுந்தாலே போதும், குடுவை கலங்கி எல்லாம் வீணாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா, ஆப்பத்துக்குக் கள் ஊற்றி மாவு கரைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த குடுவைகள் கலங்கிவிட்டன. மாவிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே உறுதியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மாவைத் தொடவில்லை, மாட்டுக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. அம்மா கட்டிக்கொள்ள வந்தால்கூட, "காலையில லேபுக்குப் போகோணும்மா" என்று தள்ளி நிற்பார்.

அம்மாவை இது உள்ளுக்குள் அரித்தது. ஒருநாள் பொங்கிவிட்டார்.

"ஏங்கண்ணு, சாணி வாரித்தான உன்னையப் படிக்க வெச்சேன்? இப்ப என்ற கை உனக்கு நாறுதா?"

 மறு வாரம் அக்கா மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். முழங்கை வரை கழுவச் சொல்லி, வெள்ளை அங்கி மாட்டி, அம்மாவை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார். குடுவைக்குள் செல்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு படுத்திருந்தன. பிறகு, ஈஸ்ட் புகுந்து செத்துப்போனவற்றின் படத்தைக் கணினியில் காட்டினார்.

"இத்தனையும் உசுரா, சாமி?"

"ஆமாம்மா."

"நீதான் சோறு ஊட்டறியா?"

"நாந்தாம்மா."

"அப்பறம் ஏன்டி இத்தன நாளாச் சொல்லுல? பச்சக் கொழந்த இருக்கற ஊட்டுக்குள்ள ஆராச்சும் கை கழுவாம போவாங்களா?"

அதற்கப்புறம் அக்காவைவிட அம்மா கறாராகிவிட்டார். அக்கா வருகிற நாளில் வாசலில் சோப்பும் வெந்நீரும் தயாராக இருக்கும். யாராவது ஆசையாகக் கையைப் பிடிக்கப் போனால், "அவ கைய நம்பி உசுருக இருக்குது, தள்ளி நில்லுங்க" என்று விரட்டுவார். தானும் தொடமாட்டார். அக்காவுக்குத் தெரியாமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கும்.

பிறகு அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. கிருமி அண்டக்கூடாது என்றார்கள் மருத்துவர்கள். அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முழங்கை வரை கழுவி, முகக்கவசம் கட்டி, கட்டிலைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்துகொண்டார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றான பின் அக்காவை எங்கள் தோட்டத்துக்கே கொண்டுவந்தோம்.

ஒரு நாளும் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த மச்சானுக்கும், கேட்டபோதெல்லாம் ரத்தம் கொடுத்து, அக்கா தொடங்கிய கலவைகளையும் இன்றுவரை கைவிடாமல் பார்த்துவரும் ஆய்வகத்துத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வீடு தேடி வந்து வலிக்கு மருந்து கொடுத்த மலையாளி பாலியேட்டிவ் நர்ஸுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடைசி நாள் காலையில், பால் கறந்துவிட்டு வழக்கம்போலக் கை கழுவக் குழாயடிக்குப் போன அம்மாவை அவர்தான் தடுத்தார்.

"அம்மே, இனி அதொந்நும் வேண்டா."

அம்மாவுக்குப் புரிந்தது. ஆனாலும் குழாயை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"கழுவாம வாம்மா. அப்படியே வா."

கொட்டகையிலிருந்து வந்த கோலத்திலேயே அம்மா கட்டிலில் ஏறி அக்காவைக் கட்டிக்கொண்டு படுத்தார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் நான்தான் பால் கறந்தேன்.