விரியாத ரெஹால்கள்

கூனிமேட்டில் என் மனைவியின் தம்பி தச்சுப் பட்டறைக்காக வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகை முன்பு உப்புக் கிடங்காக இருந்தது. எவ்வளவு கழுவினாலும் தரையின் ஓரங்களில் வெள்ளை பூக்கும். வெயில் காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

வளைகுடாவில் சென்ட்ரிங் வேலைக்குப் போய், பலகை சுமந்து முதுகு போனவன் அவன். இன்னொரு முறை போனால் நடந்து திரும்ப மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். பக்கத்து ஊர் மதரஸாவுக்கு ரெஹால் செய்யும் வேலை வந்தபோது வீடே நிம்மதியானது. ரெஹால், குர்ஆனை விரித்துவைத்து ஓதுவதற்கான மடக்குப் பலகை. ஒரே பலகையைப் பிளந்து, நடுவில் விரல்கள் கோத்ததுபோலப் பற்கள் வெட்டி விரிப்பார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது.

சித்திரை வெயிலில், மாமரத்தில் செய்தான். பற்களுக்கு நடுவே காகிதம்கூட நுழையாது. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். மதரஸாவின் புதுக் கட்டடத் திறப்பு ஐப்பசிக்குத் தள்ளிப்போனது. அதுவரை ரெஹால்கள் மடித்தபடியே கொட்டகையில் இருந்தன.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் வாங்கிப்போக வருவதாகச் சொன்ன நாள், காலையில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தான். விரியவில்லை. அடுத்ததும் விரியவில்லை. மழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது; உப்பேறிய தரை கசிந்திருந்தது. ஈரத்தில் மரம் நீளவாட்டில் அதிகம் மாறாது, அகலவாட்டில் ஊதும். பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொண்டிருந்தன. முழங்காலில் வைத்து ஒன்றை அழுத்தினான். ஒரு பல் வேரோடு தெறித்தது.

"அக்கா, ஹேர் டிரையர் எடுத்துட்டு வா!"

"கரண்ட் எங்கடா இருக்குது?"

மனைவி மணலை வறுத்து, துணியில் கட்டிக் கொண்டுவந்தாள். "உன் முதுகே இதுக்குக் கேக்கல, மரமா கேக்கப் போவுது?" என்றபடியே ஒத்தடம் கொடுத்தாள். வார்னிஷ் கொப்பளித்தது. பற்கள் அசையவில்லை.

மெல்லிய ரம்பத்தை எடுத்து இடுக்குகளில் விட்டான்.

"ரொம்ப அறுக்காத. காஞ்சா இன்னும் லூஸாயிடும்" என்றேன்.

"காயறப்ப பாத்துக்கலாம் மச்சான். இன்னிக்குத் தொறக்கணும்."

மாலை அசர் தொழுகைக்குள் மற்றவையெல்லாம் விரிந்தன.

ஹஜ்ரத் ஒன்றைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் சாய்ந்தது.

"ஆடுதேப்பா. இது மேல குர்ஆனை வைக்க மனசு வரல. தப்பா நெனச்சுக்காத."

"வேற செஞ்சு தர்றேன் ஹஜ்ரத்."

"வெள்ளிக்கிழமை தொறப்பு வெச்சிட்டோம். இப்போதைக்குப் பிளாஸ்டிக்ல வாங்கிக்கறோம்."

அவருடைய வண்டி போன பிறகு அவன் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குப் போன் செய்தான். கையெல்லாம் மரத்தூள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான்.

"சென்ட்ரிங்தான் இருக்குது. வெயிட்டு தூக்குவியா?"

அவன் அக்கா பக்கம் திரும்பவில்லை.

"தூக்குவேன்" என்றான்.