மிதக்கும் ஜெட்டி

பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த யாரும் எங்கள் போர்டைப் படிக்காமல் போனதில்லை. ‘மிதக்கும் ஜெட்டி, படகு தூக்கி, உதிரி பாகங்கள் செய்து தரப்படும்’ என்று மஞ்சள் தகரத்தில் கொட்டை கொட்டையாகச் சிவப்பு எழுத்து. சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டிப் போட்ட கொட்டகையின் நெற்றியில் என் கணவர் அதை மாட்டிய அன்றைக்கே என் நிம்மதி போய்விட்டது.

படகில் ஏறி இறங்க வசதியாகக் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக் கட்டுகிற மேடைக்கு ஜெட்டி என்று பெயர். அது அவருக்குத் தெரியும். அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரிந்த ஜெட்டி, ஜவுளிக்கடையில் பனியனுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பது. ஒரு நாள் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, தன் அளவைச் சொல்லி, அந்த அளவில் மிதக்கிறது இருக்கிறதா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். என் கணவரோ அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் புதிதாக யாராவது வந்தால், “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்ற கேள்வி வராமல் இருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருக்கிறார் என்று எத்தனையோ வருஷம் தலை நிமிர்ந்து சொன்னவள், அதன்பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து அதற்குள் பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் இதே கதைதான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர், “பிரதர், ஜெட்டி பிசினஸ் எப்படி?” என்பார். இவர் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்.

“மிதவைன்னு எழுதினா என்ன குறைஞ்சிடும்?” என்று கேட்டேன்.

“மிதவைன்னா தூண்டில்ல கட்றது.”

“தெப்பம்னு எழுதுங்க.”

“அப்புறம் தேங்கா உடைக்க வந்துடுவாங்க. இதுக்குப் பேரே ஜெட்டிதான். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் சொல்லுது.”

“ஊர் உலகம் நம்ம பஸ்ல போகலையே,” என்றேன். அவர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதை மாட்டிவிட்டால் அவருக்குக் காதும் கேட்காது.

அந்தக் கம்பெனி வேலையை என் கணவர் விட்டதே ஒரு மனிதரின் பேச்சைக் கேட்டுத்தான். கடற்கரைச் சாலையில் உப்பங்கழி ஓரமாக வீடு கட்டியிருந்தார் அவர். தன் வீட்டுக்கு இரும்பு கேட் செய்யச் சொல்லிக் கம்பெனிக்கு வந்தவர், தன் படகைப் பற்றியும், வெளிநாட்டில் தான் பார்த்த ஜெட்டிகளைப் பற்றியும் இவரிடம் பேசிவிட்டுப் போனார். துண்டு துண்டாகச் செய்து கீல் போட்டு மாட்டினால் தண்ணீர் ஏறும்போது தானும் ஏறி, இறங்கும்போது தானும் இறங்குமாம். கூடவே, படகை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்த ஒரு தூக்கியும் வேண்டுமாம், அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்க. இவர் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அப்படி வீடு கட்டியவர்கள் அந்தச் சாலை நெடுக வரப்போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெட்டி வேண்டியிருக்கும் என்றார். மாதம் முடிவதற்குள் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

சரி, செய்யட்டும். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஒரு கோடையில்தான் செய்ய வேண்டுமா?

ஊர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கிணறுகளில் வாளி தரையைத் தட்டிற்று. பஞ்சாயத்து லாரி வருகிற நாளில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் வெயிலில் நிற்போம். நான் இரண்டு குடத்தை இடுப்புக்கு மாற்றி மாற்றிச் சுமந்து உள்ளே வந்தால், கொட்டகையில் என் கணவர் தண்ணீரில் மிதக்கிற சாமானைத் தட்டிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிடக் கொடுமை அந்த டிரம்கள். ஊறுகாய்க் கம்பெனியிலிருந்து கழித்த பெரிய நீல பிளாஸ்டிக் டிரம்களை வாங்கி வந்து, மூடியை இறுக்கி, படுக்கை வசத்தில் இரும்புச் சட்டத்துக்கு அடியில் வரிசையாகக் கட்டியிருந்தார். மேலே பலகை. அவர் சொன்ன ஜெட்டி அவ்வளவுதான். டிரம்முக்குள் இருக்கிற காற்றுதான் அதை மிதக்க வைக்கும். தெருவில் ஒருத்திக்கும் தண்ணீர் பிடித்துவைக்க உருப்படியாக ஒரு பாத்திரம் இல்லை. இங்கே கொட்டகை நிறைய டிரம், எல்லாம் காலி, எல்லாம் சீல்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். மனதில் இருப்பதை வாயில் வடிகட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு நாள் லாரி வரிசையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இன்னா டீச்சரம்மா, உங்க ஊட்டுக்காரரு காத்தைப் புட்ச்சி ரொப்பி வச்சிகினு கீறாரு. எங்களுக்குத் தண்ணி ரொப்பறதுக்கு ஒரு அண்டா இல்ல. காத்துக்கு இன்னா பஞ்சம் வந்துச்சாம்?”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளே வந்ததும் குடத்தை ‘டங்’கென்று வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, தன் கவலையை ஆரம்பித்தார். மூடி ஓரத்தில் ஒழுகுகிறதா என்று பார்க்காமல் சாமானைக் கொடுக்க முடியாது, பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரில் இறக்க வேண்டும், ஏரியில் தண்ணீர் இல்லை, என்ன செய்வது என்றார். என்னிடம் போய்த் தண்ணீர் இல்லை என்கிறார்.

“வெளியே தண்ணி இல்லன்னா உள்ளே ஊத்திப் பாருங்க. ஒழுகினா தெரிஞ்சிட்டுப் போகுது,” என்று கத்தினேன்.

எரிச்சலில் சொன்னதுதான். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனவர், ஒரு பை நிறையப் பித்தளைக் குழாய்களோடு திரும்பி வந்தார்.

டிரம்மின் முகத்தில் இரண்டு திருகு மூடிகள். படுக்க வைத்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழ் மூடி இருந்த இடத்தில் குழாய் மாட்டினார், பஞ்சாயத்து லாரி வந்ததும் மேல் ஓட்டையில் அதன் ஹோஸைச் சொருகினார். லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டே ஊற்றினார். ஜெட்டி செங்கல் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்க, அதன் ஓரம் முழுக்கக் குழாய்கள். எந்த டிரம்மிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் ஒவ்வொன்றின் அடியிலும் கையை விட்டுத் தடவி, காய்ந்த உள்ளங்கையை என்னிடம் காட்டினார்.

அன்றிலிருந்து, லாரி வராத நாளிலும் எல்லாரும் வந்து தண்ணீர் பிடிக்க, எங்கள் கொட்டகை தெருச் சொத்தாயிற்று. படகுக் கயிறு சுற்ற வைத்த இரும்புக் கொம்புகளில் தண்ணீர் வடிகட்டுகிற துணி காய்ந்தது. படகு தூக்கியின் சங்கிலியில் யாரோ தூளி கட்டிக் குழந்தையைத் தூங்கவைத்தார்கள். டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் போகாத எலுமிச்சை ஊறுகாய் வாசனை தெரு முழுக்கக் காப்பியில் வந்தது. “ஜெட்டிலருந்து ஒரு கொடம் எட்த்தாடி” என்று தாய்மார்கள் மகள்களிடம் கூச்சநாச்சம் இல்லாமல் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உடம்பு கூசியது.

அந்த நேரம் பார்த்துத்தான் உப்பங்கழி வீட்டுக்காரர் சாமானைப் பார்க்க வந்தார். வெள்ளை கான்வாஸ் ஷூ, கறுப்புக் கண்ணாடி. காரை விட்டு இறங்கி, ஜெட்டி எங்கே என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

“அந்தாண்ட கீது சார். கொடம் எட்த்தாந்தீங்களா?” என்றார் அக்கா.

உள்ளே வந்தவர் பார்த்தது, தான் சொல்லிச் செய்யவைத்த ஜெட்டியின் முன்னால் குந்திக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பெண்களை. கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை.

“இது மிதக்குமா?” என்று கேட்டார்.

இவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மிதக்கும் சார், பிரமாதமா மிதக்கும் சார் என்றிருந்தால் முடிந்தது. இந்த மனிதர், “இன்னும் மிதக்கவிட்டுப் பாக்கல சார். ஒழுகலை. அது நிச்சயம்,” என்றார்.

“மிதந்தப்புறம் சொல்லி அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். பிறகு பம்பாயிலிருந்து ஃபைபரில் ஒன்று வரவழைத்துக்கொண்டார் என்று பழைய கம்பெனி ஆள் ஒருவர் மூலம் தெரிந்தது. அந்தச் சாலை நெடுக வரப்போவதாகச் சொன்ன மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் வரவே இல்லை.

அவர் வந்து போன அன்று நான் என் கணவரை விட்டுவைக்கவில்லை. கம்பெனி ஃபோர்மேன் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், வேலை இன்னும் இருக்கிறதாம், எந்த முகத்தோடு வேண்டாம் என்கிறீர்கள், பஸ்ஸில் போகிறவன் சிரிப்பது போதாதா என்று என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஒரே ஒரு தடவை அது மிதக்கறதைப் பாத்துடறேன். அப்புறம் நீ சொல்ற மாதிரியே போறேன்,” என்றார்.

“மழை வந்தாத்தானே?”

“வரும்.”

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய் வெடித்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், இந்தப் பக்கம் பள்ளம், தண்ணீர் முதலில் இங்கேதான் நிற்கும் என்பார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வருஷப் பாக்கியையும் சேர்த்துக் கொட்டிற்று. கிணறுகள் ஏறின, லாரி நின்றது. ஏரி நிறைந்த செய்தியை அக்காதான் முதலில் வந்து சொன்னார், எங்கள் வீட்டு விசேஷம் போல. இவர் குழாய்களைக் கழற்றி, டிரம்களை வடித்து, மூடிகளைப் புது வாஷர் போட்டு இறுக்கினார். ஒரு மூலையில் இருந்த இரண்டு டிரம்களை மட்டும் நான் முன்பே அவிழ்த்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன். அவற்றைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மழை இன்றைக்குப் பெய்யும், நாளைக்கு யாரைக் கேட்பது?

“ஒரு மூலை தாழுமே,” என்றார்.

“தாழட்டும்.”

அவர் டிராக்டர் கேட்க அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா வீட்டு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே பின்னால் வந்தது. கரைச் சரிவில் கம்பு கொடுத்து ஆண்கள் நெட்டித் தள்ள, ஜெட்டி சேற்றில் வழுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. ஒரு முழுக்குப் போட்டது. இவ்வளவு நாள் அதைத் திட்டிய நான், குடையோடு தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓடிவிட்டேன். பிறகு அது மேலே வந்து ஆடிக்கொண்டு நின்றது. ஒரு மூலை மட்டும் தாழ்ந்து, அங்கே பலகை மேல் தண்ணீர் ஏறியிருந்தது.

“அட, மெதக்குதும்மா,” என்றார் அக்கா மெதுவாக.

பையன்கள் ஏறிக் குதித்தார்கள், இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தூறல் வலுத்ததும் எல்லாரும் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று, தாழ்ந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நான்.

“இப்படி வா. எதிர் மூலையில போய் நில்லு,” என்றார்.

“புடவை நனையும்.”

“நில்லேன்.”

முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கால் வைத்ததும் பலகை அசைந்தது, எதிர் மூலைக்குப் போகப்போக அசைவு குறைந்தது. நான் நின்றேன். தாழ்ந்திருந்த மூலை தண்ணீரைச் சிந்திவிட்டு எழுந்து வந்தது. ஜெட்டி மட்டமாயிற்று.

அவர் குனிந்து, கன்னம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். பிறகு சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தார். நனைந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“திங்கக்கிழமை கம்பெனிக்குப் போறேன்,” என்றார், என்னைப் பார்க்காமல், பலகையைத் தடவிக்கொண்டே. “ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன்.”

எத்தனையோ மாதமாக நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இப்போது அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

“இறங்கிக்கோ. மழை பெருசா வருது,” என்றார்.

நான் இறங்கினால் அந்த மூலை மறுபடியும் தாழ்ந்துவிடும்.

“நீங்க நல்லாப் பாத்துக்கோங்க,” என்று எரிந்து விழுந்தேன். குடையை மடக்கிவிட்டு அங்கேயே நின்றேன்.