கீழுதட்டில் ஒரு கொப்புளம்

சட்டைத் தொழிற்சாலையில் என் இஸ்திரி மேசைக்குப் பக்கத்து மேசை செக்கிங் அக்காவுடையது. பிசிறு, விட்டுப்போன தையல், கோணல் பட்டன், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பதினாறு வருஷமாக இதே வேலை. நல்ல சட்டையைக் கொடுத்தாலும் நாலு தடவை புரட்டிப் பார்ப்பாள்.

அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டு போனதுதான் வினை. அவள் புருஷன் சர்வேயர். நாலைந்து நாள் வெளியூரில், வெட்டவெளியில் நின்று நிலம் அளப்பார். திரும்பும்போது கீழுதட்டில் கொத்தாகக் கொப்புளம் இருக்கும். கேட்டால் "உடம்புச் சூடு" என்பார். வாயில் வரும் புண் இன்னொரு வாயிலிருந்துதானே வரும் என்பது அக்காவின் கட்சி.

கொப்புளம் வந்த நாளையெல்லாம் காலண்டரில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்தாள். ஒரு வருஷத்தில் ஐந்து. அதில் நாலு, வெளியூர் போய்வந்த கையோடு. "நெருப்பில்லாம புகையுமாடி?" என்று என்னைக் கேட்டாள். அதிகம் பேசாத ஆம்பளையை நானும் நம்புவதில்லை. "புகையாதுக்கா" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெட்டி கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் டாக்டர் வாயாலேயே உண்மையை வரவழைத்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு நான்.

டாக்டரம்மா உதட்டைப் பார்த்தார், அக்கா கையோடு கொண்டுவந்த காலண்டரையும் பார்த்தார்.

"இது வைரஸ்மா. நிறையப் பேருக்குச் சின்ன வயசுலயே, வீட்டுல யாராவது முத்தம் குடுக்கும்போது ஒட்டிக்கும். அப்புறம் நரம்புல தூங்கும். வெயில், காய்ச்சல், அசதி, மனக்கவலை, ஏதாவது ஒண்ணு அதை எழுப்பிவிடும்."

"இவருக்கு யாரு குடுத்தது?"

"அதை எந்த டெஸ்டும் சொல்லாது. கொப்புளம் இருக்கறப்ப முத்தம் வேணாம், ஒரே டம்ளர்ல குடிக்க வேணாம். வெயில்ல போகும்போது உதட்டுல தடவ மருந்து எழுதறேன்."

நாலு ஸ்டிக்கருக்கும் வெயில் பதில் சொல்லிவிட்டது. அக்கா விடுவாளா? ஐந்தாவதில் விரலை வைத்தாள்.

"இது வந்த வாரம் பூரா வீட்டுலதான் இருந்தாரு. வெளிய மழை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "அந்த வாரம் என்னங்க நடந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவ அண்ணன வரவழைச்சு, என்னை நடுவுல உக்கார வச்சு விசாரிச்சாங்க. நாலு நாளு தூங்கல."

அக்கா முகம் செத்துப்போயிற்று.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வராதண்ணே. வர்றதா இருந்தா அவருகிட்ட மன்னிப்புக் கேக்க வா." போனை வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். "தப்பு என் மேலதாங்க. பெட்டியப் பிரிக்கட்டுமா?"

"இனிமே சந்தேகப்பட மாட்டியா?"

அக்காவுக்குப் பொய் வராது. கொஞ்சம் யோசித்தாள்.

"படுவேன். ஆனா உங்ககிட்டயே கேப்பேன். நீங்க சொன்னா நம்புவேன்."

"அப்ப பிரி" என்றார்.