வடகிழக்கில் ஒரு ஓடை

பிள்ளைகளா, நீங்கள் பிறப்பதற்கு முன்னால், எண்பதுகளில், நியூ ஜெர்சியில் தமிழர் ஒருவரைச் சந்தித்தேன். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

டவுன் ஹாலில் புது வெள்ள வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதில் போட்ட கோட்டுக்குள் அகப்பட்ட வீட்டுக்காரர்கள் வெள்ள இன்சூரன்ஸ் கட்டியாக வேண்டும் என்றதும் ஒரே சத்தம். நரைத்த மீசையோடு அவர் மட்டும் மஃப்ளரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். முறை வந்ததும் எழுந்து, வரைபடத்தில் தன் வீட்டைத் தொட்டுக் காட்டி, அங்கே தண்ணீர் வந்ததே இல்லை என்று இங்கிலீஷில் அடித்துச் சொன்னார். அதிகாரி அசையவில்லை.

வெளியே, அவர் காருக்குப் பக்கத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"வடகிழக்குல ஓடை ஓடுது, ராசின்னுதான் தம்பி அந்த வீட்டையே வாங்கினேன். இப்ப அதையே குத்தம்ங்கறான். பென்ஷன்ல இன்சூரன்ஸ் கட்ட முடியுமா? வித்துட்டுத்தான் போகணும்."

"நிஜமாவே தண்ணி வந்ததில்லையா அங்கிள்?"

"போன வருஷம் வாசப்படி வரைக்கும் வந்துச்சு." சிரித்தார். "என் வீடு தேடி வேற யாரு வர்றா? அதைப் போய்க் காட்டிக்குடுப்பேனா?"

வேடிக்கைக்குச் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

சில மாதம் கழித்து அந்த ஓடையோரத் தெருவுக்குப் போனேன். அவர் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நின்றது. ஜன்னலில் திரைகூட இல்லை. யாரும் இல்லை என்று தெரிந்தே இறங்கிப் போய், ஒருமுறை மணியை அடித்துவிட்டு வந்தேன்.